தந்தையரே, உள்ளே வாருங்கள்!

‘மாதா, பிதா, குரு, தெய்வம்’ என்று நம் முன்னோர் வரிசைப்படுத்தி வைத்தார்கள். மாதா பிதாவைக் காட்டுகிறாள், பிதா குருவைக் காட்டுகிறார், குரு தெய்வத்தைக் காட்டுகிறார் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ஆனால் நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் நடப்பது என்ன? மாதாவே தெய்வத்தைக் காட்டிவிடுகிறாள். எஞ்சியதைக் குருவானவர் கோயிலிலும் கன்னியர் பள்ளியிலும் கற்பித்துவிடுகிறார்கள். இரண்டாம் இடத்தில் நிற்கும் பிதா என்ன செய்கிறார்? இந்த ஒரு கேள்வியைத்தான் இச்சிறு கட்டுரையில் கேட்க விழைகிறேன். பெரியோரைக் குறை கூறும் எண்ணம் எனக்குச் சிறிதும் இல்லை. பதினைந்து வயதுப் பெண் தந்தையருக்குப் புத்தி சொல்வதா என்று யாருக்கேனும் தோன்றினால், இதைப் புத்தியாகக் கொள்ளாமல் மகளின் விண்ணப்பமாகக் கொள்ளும்படி வேண்டுகிறேன்.

எங்கள் ஊர் முத்தாண்டிக்குப்பம். செம்மண் பூமி, முந்திரித் தோப்பும் பலா மரமும் நிறைந்த ஊர். அருகிலேயே நெய்வேலி. எங்கள் பக்கத்து ஆண்களில் சிலருக்குத் தோப்பில் வேலை, சிலருக்குச் சுரங்கத்தில் வேலை. என் அப்பாவுக்கு இரண்டும் உண்டு. ஷிப்டு முடிந்து வந்தால் சிறிது உறங்கிவிட்டுத் தோப்புக்குப் போவார். உழைப்பில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் எல்லோரும் பூசைக்குப் போவோம். அம்மாவும் நானும் தம்பியும் உள்ளே சென்று அமர்வோம். அப்பா வாசல் வரை வருவார். கோயிலுக்கு எதிரே ஒரு புங்கமரம் இருக்கிறது. அதன் நிழலில் பத்துப் பதினைந்து ஆண்கள் எப்போதும் நின்றிருப்பார்கள். முந்திரிக் கொட்டை என்ன விலை, யாருக்கு எந்த ஷிப்டு, தேர்தலில் யார் வருவார் என்று பேச்சு நடக்கும். எழுந்தேற்ற மணி அடித்தால் பேச்சு நின்றுவிடும். தலைத் துண்டை எடுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே கும்பிடுவார்கள். மணி ஓய்ந்ததும் பேச்சு தொடரும். இந்தக் காட்சி எங்கள் கோயிலுக்கு மட்டும் உரியது என்று நான் நினைக்கவில்லை. இதைப் படிக்கும் தோழியரில் பலர் தங்கள் கோயிலிலும் அப்படி ஒரு மரத்தைப் பார்த்திருப்பார்கள்.

நானும் அதைப் பெரிதாக எண்ணியதில்லை, சென்ற தவக்காலம் வரை.

என் தம்பி எட்டாம் வகுப்பு படிக்கிறான். தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று அம்மா அவனை எழுப்பினார்கள். போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். “நேரமாச்சுடா, எழுந்திரு” என்றார்கள். “நான் வரல. நீயும் அக்காவும் போங்க” என்றான். “ஞாயித்துக்கிழமை பூசைக்கு வராம இருக்கலாமா?” என்று அம்மா கேட்டதற்கு அவன் சொன்ன பதில் இன்னும் என் காதில் ஒலிக்கிறது. “அப்பா வர்றாரா? அது பொம்பளைங்க வேலை. மரத்தடியில போய் நிக்கிறதுக்கு நான் இங்கயே படுத்திருக்கேன்.”

அம்மா பேசவில்லை. அப்பா இரவு ஷிப்டு முடிந்து வந்து, திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் காதிலும் அது விழுந்தது. அவரும் பேசவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். அந்த ஞாயிறு அவர் மரத்தடிக்கும் வரவில்லை.

கோயிலில் எனக்கு மனம் ஒன்றவில்லை. தம்பியைக் கோபித்துக்கொள்ளலாம், ஆனால் அவன் சொன்னதில் பொய் இருந்ததா? எங்கள் வீட்டில் ஜெபமாலை சொல்பவர்கள் அம்மா. பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் சொல்லிக் கொடுத்தவர்கள் பாட்டி. ஞானோபதேசம் கற்பித்தவர்கள் கன்னியர். பெண்கள் வழியாகவே எல்லாம் வந்திருக்கிறது. வளர்ந்து ஆண்பிள்ளை ஆகப்போகிற ஒருவன், ‘ஆண்பிள்ளைகள் இதையெல்லாம் விட்டுவிடுவார்கள் போலும்’ என்று எண்ணினால் அந்தப் பாடத்தை அவனுக்குக் கற்பித்தது யார்?

தாய்மார் விசுவாசத்தைக் கையளிப்பது பெருமைக்குரியதே. புனித சின்னப்பர் தம் சீடரான திமொத்தேயுவுக்கு எழுதும்போது, அவருடைய பாட்டி லோயிசாளையும் தாய் யூனிக்கேயாளையும் பெயர் சொல்லிப் பாராட்டுகிறார். ஆனால் திருச்சபை இப்பொறுப்பைத் தாய்க்கு மட்டும் கொடுக்கவில்லை. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சடங்கை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதன் முடிவில் குரு முதலில் தாயை ஆசீர்வதிக்கிறார். பிறகு தந்தையை ஆசீர்வதிக்கிறார். பெற்றோர் இருவரும் தம் பிள்ளைக்கு விசுவாசத்தின் முதல் ஆசிரியர்களாக இருப்பார்கள் என்ற கருத்து எந்த ஆசீரில் வருகிறது தெரியுமா? தந்தைக்குரிய ஆசீரில்தான் வருகிறது! அதற்குப் பிறகு பந்தி, மொய், புகைப்படம். அந்தச் சொல்லை அன்றே மறந்துவிடுகிறோம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கிறிஸ்தவக் கல்வியைப் பற்றி வெளியிட்ட ஏட்டில், பிள்ளைகளுக்கு முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்றும், அவர்கள் தவறவிட்டதை வேறொருவர் ஈடுசெய்வது மிகக் கடினம் என்றும் கூறியது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981-இல் குடும்பத்தைப் பற்றி எழுதிய மடலில், தந்தைக்கென்றே தனியாக ஒரு பகுதி ஒதுக்கினார். பிள்ளைகளோடு சேர்ந்து ஜெபிக்கும் பெற்றோரே அவர்களது உள்ளத்தின் ஆழத்தைத் தொடுகிறார்கள் என்பதும் அம்மடலின் போதனை. அவருக்கு இது ஏட்டிலிருந்து வந்த அறிவு அன்று. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தந்தையர் கூறும் காரணங்களைக் கேட்டுப் பார்த்தேன். என் தோழியரிடமும் விசாரித்தேன். அவை பெரும்பாலும் நான்கில் அடங்கிவிடுகின்றன.

‘எனக்கு ஞானோபதேசம் அவ்வளவாகத் தெரியாது. சாமியாரும் சிஸ்டர்களும் படித்தவர்கள், அவர்கள் சொல்லிக் கொடுக்கட்டும்’ என்பது முதல் காரணம்.

இதற்கு நம் தமிழகத் திருச்சபையின் வரலாறே பதில் சொல்கிறது. 1773-இல் சேசு சபை ஒடுக்கப்பட்டது. அச்சபையினர் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தது 1838-இல்தான். இடைப்பட்ட அறுபத்தைந்து ஆண்டுகளில் நம் நாட்டில் குருக்கள் மிகச் சிலரே இருந்தார்கள். பல கிராமங்கள் ஆண்டுக்கு ஒருமுறை பூசை காண்பதே அரிதாக இருந்தது. கான்வென்ட் பள்ளிகள் கிடையாது; கையில் புத்தகங்கள் கிடையாது. ஆயினும் விசுவாசம் அணைந்துபோகவில்லை. உபதேசியார்கள் அதைக் காத்தார்கள். மாலையில் விளக்கேற்றியதும் வீட்டாரைக் கூட்டி, மனப்பாடமாகத் தெரிந்த மந்திரங்களைச் சொன்ன குடும்பத் தலைவர்கள் காத்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்கும்? இன்று பண்டிகை தோறும் நாம் பெருமையோடு தூக்கி வரும் சப்பரங்கள், எழுத்தறியாத அந்தத் தந்தையரின் தோள் வழியாக நம்மிடம் வந்தவை. படிப்பு இல்லாமல் அவர்களால் முடிந்தது, செல்போனில் உலகச் செய்தியெல்லாம் படிக்கும் இக்காலத் தந்தையரால் முடியாதா?

‘வேலை ஓயவில்லை, களைத்து வருகிறேன், நேரமில்லை’ என்பது இரண்டாம் காரணம். இது உண்மையான காரணம். சுரங்கத் தொழிலாளியின் மகளாகிய நான் இதை அலட்சியம் செய்யமாட்டேன். ஷிப்டு முறை வீட்டின் உறக்கத்தையும் உணவையும் எப்படிக் கலைக்கிறது என்பதை அறிவேன். ஆனால் உழைப்பாளிக்கு நேரமில்லை என்றால் புனித சூசையப்பருக்கும் நேரம் இருந்திராதே! அவரும் கையால் உழைத்து உண்டவர்தாம். 1955-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் மே மாதம் முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார்.

நம் மாவட்டத்தார் சூசையப்பரை மறந்தால் அது பெரும் வெட்கம். ஏன் என்று கேட்கிறீர்களா? விருத்தாசலம் பக்கத்தில் இருக்கிறது கோணான்குப்பம். ஜனவரித் திருவிழாவுக்கு நம்மில் பலர் அங்கே போகிறோம். தமிழ்ப் பெண்ணைப் போல் சேலை உடுத்திய பெரியநாயகி மாதாவை அங்கே கொண்டுவந்து கோயில் எழுப்பியவர் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர். 1680-இல் பிறந்து 1747-இல் மறைந்த அவர், மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட தேம்பாவணியை இயற்றினார். அந்தக் காவியத்தின் தலைவர் யார்? பெரும் படை நடத்திய மன்னரா? இல்லை, ‘வளன்’ என்று முனிவர் தமிழாக்கிய சூசையப்பர்! மன்னர்களும் வீரர்களும் தலைமை தாங்கிய தமிழ்க் காவிய வரிசையில் ஒரு தச்சரை, ஒரு வளர்ப்புத் தந்தையை அமர்த்தினார் அந்த முனிவர். தந்தை என்பவர் காவியத்துக்கே உரிய பெருமையுடையவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

‘விசுவாசம் மனதில் இருந்தால் போதும், வெளியில் காட்ட வேண்டியதில்லை. சூசையப்பரும் பேசாதவர்தானே?’ என்பது மூன்றாம் காரணம். இதற்கு விடை சொல்ல, எங்கள் வீட்டில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும்.

தம்பி பூசைக்கு வர மறுத்த அதே வாரம், கணக்குத் தேர்வுக்குப் படித்துவிட்டு விளக்கை அணைத்துப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. அப்பா இரவு ஷிப்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டார். வாசலில் செருப்பைப் போடும் ஓசை கேட்டது. பிறகு அதைக் கழற்றிவிட்டு மெதுவாக உள்ளே வந்தார். தம்பியின் அருகில் குனிந்து, கட்டைவிரலால் அவன் நெற்றியில் சிலுவை வரைந்தார். அடுத்து என் நெற்றியில் வரைந்தார். அவருடைய விரல் மரப்பட்டை போல் சொரசொரப்பாக இருந்தது. தூங்குவதுபோல் நான் கண்ணை மூடியிருந்தேன். வண்டி கிளம்பிப் போன சத்தம் அடங்கும்வரை திறக்கவில்லை.

மறுநாள் அம்மாவிடம் கேட்டேன். “உனக்குத் தெரியாதா? நீ பொறந்த நாள்லேருந்து நைட் ஷிப்டுக்குப் போகும்போதெல்லாம் போட்டுட்டுத்தான் போவார்” என்றார்கள். பாட்டி இன்னொன்றும் சொன்னார்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூர்க் கரையைத் தாக்கிய இரவில், எங்கள் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்துகொண்டிருந்த வேளையில், கைக்குழந்தையான என்னை மடியில் வைத்துக்கொண்டு, அப்பாதான் வீட்டாரைச் சுவரோரம் உட்காரவைத்து விடியும்வரை ஜெபமாலை சொன்னாராம். ஒரு மந்திரம்கூடத் தவறவில்லையாம். ‘காத்துச் சத்தத்துக்கு மேல உங்கப்பன் குரல் கேட்டுச்சு’ என்றார்கள் பாட்டி.

தோழியரே, எனக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. என் தந்தைக்கு விசுவாசம் இருக்கிறது. எனக்கும் தம்பிக்கும் நாள்தோறும் அவர் ஆசீர் தந்திருக்கிறார். ஆனால் நாங்கள் தூங்கிய பின் தந்திருக்கிறார்! பதினைந்து ஆண்டுகளாக என் நெற்றியில் விழுந்த சிலுவையை நான் ஒருமுறைதான், அதுவும் திருட்டுத்தனமாக, அறிந்திருக்கிறேன். தம்பி இன்னும் அறியவில்லை. அறிந்திருந்தால் அன்று காலை அப்படிப் பேசியிருப்பானா?

நெய்வேலி மண்ணின் அடியில் பழுப்பு நிலக்கரி யுக யுகமாகக் கிடந்தது. 1956-இல் நிறுவனம் தொடங்கி, மேல்மண்ணை அகற்றி, அடியிலிருந்து அழுத்தும் நீரை இரவு பகலாக இறைத்து, 1961-இல் முதன்முதலாக அதைக் கண்ணால் கண்டார்கள். அதன் பிறகுதான் விளக்கு எரிந்தது. மண்ணுக்குள் இருந்தவரை அந்நிலக்கரியால் ஒரு குடிசைக்கும் வெளிச்சம் இல்லை. தந்தையின் விசுவாசமும் அப்படியே. அது உள்ளே இருப்பது உண்மை. வெளியே வந்தால்தான் பிள்ளைகளுக்கு வெளிச்சம்.

சூசையப்பர் பேசாதவர் என்பது மெய். நற்செய்தி நூல்களில் அவர் வாய்மொழியாக ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அவர் மறைந்து நின்றவர் அல்லர். இயேசுவின் பெற்றோர் ஆண்டுதோறும் பாஸ்கா திருவிழாவுக்கு எருசலேமுக்குப் போனார்கள் என்று புனித லூக்காஸ் எழுதுகிறார். பன்னிரண்டு வயதில் இயேசுவும் அவர்களோடு போனார். வழிநெடுக நடந்த சூசையப்பரின் கால்களை அந்தப் பாலன் பார்த்திருப்பார். பேசாமலிருப்பது வேறு, காணப்படாமலிருப்பது வேறு. அப்பாக்கள் பிரசங்கம் செய்ய வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் கண் முன் முழங்காலில் நில்லுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இனி, முன்பு சொல்கிறேன் என்ற செய்திக்கு வருகிறேன். 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வருகை தந்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலை நம் பெற்றோரில் சிலர் நேரில் கண்டிருக்கக்கூடும். போலந்து நாட்டில் 1920-இல் பிறந்த அவருக்கு ஒன்பது வயது நிரம்புமுன், 1929-இல், தாய் இறந்துபோனார். 1932-இல் மருத்துவரான ஒரே அண்ணனும், நோயாளிகளிடமிருந்து தொற்றிய காய்ச்சலில் இறந்தார். வீட்டில் எஞ்சியவர் ஓய்வுபெற்ற இராணுவத்தாரான தந்தை ஒருவரே. அவர் மகனுக்குச் சமைத்துப் போட்டார். கிழிந்த உடையைத் தைத்துக் கொடுத்தார். சில இரவுகளில் சிறுவன் விழித்துப் பார்க்கும்போது தந்தை முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருப்பாராம். குருத்துவ அழைப்பைப் பற்றித் தந்தை தம்மிடம் பேசியதே இல்லை என்றும், ஆனால் அந்தக் காட்சியே தமக்கு முதல் குருமடமாக இருந்தது என்றும் திருத்தந்தை பிற்காலத்தில் எழுதினார். 1941-இல் அத்தந்தை காலமானார். கல் உடைக்கும் குவாரியில் கூலி வேலை செய்த அந்த மகன் குருவாகி, 1978-இல் பாப்பரசராகி, 2014-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். தந்தை நினைத்துச் செய்த உபதேசமா அது? இல்லை. தற்செயலாக மகன் கண்ணில் பட்டது, அவ்வளவே! தற்செயலாகக் கண்டதற்கே இவ்வளவு பலன் என்றால், தந்தை மகனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஜெபித்தால் என்ன பலன் உண்டாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

நான்காம் காரணத்தை எனக்குச் சொன்னவர் பெரியப்பா முறையாகும் ஒரு பெரியவர். அவரும் மரத்தடியில் நிற்பவர். “நீங்க ஏன் பெரியப்பா உள்ள வர்றதில்ல?” என்று துணிந்து கேட்டேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “பாவசங்கீர்த்தனம் பண்ணிப் பல வருஷம் ஆச்சும்மா. எல்லாரும் நன்மை வாங்க எழுந்து போகும்போது நான் மட்டும் உட்கார்ந்திருந்தா நாலு பேர் பார்ப்பாங்க. எந்த முகத்தோட உள்ள வர்றது?” என்றார். மரத்தடியில் நிற்பவர்களை அதுவரை அலட்சியக்காரர்கள் என்று எண்ணியிருந்த நான் வெட்கினேன். வெளியே நிற்கும் சிலர் பக்தி இல்லாமல் நிற்கவில்லை, வெட்கத்தால் நிற்கிறார்கள்.

அந்தப் பெரியப்பாவுக்கும் அவரைப் போன்றோருக்கும் புனித அகுஸ்தினாரை நினைவூட்ட விரும்புகிறேன். அவருடைய தாய் மோனிக்கம்மாளின் கண்ணீரைப் பற்றி எல்லோரும் அறிவர். அவரே ஒரு தந்தை என்பதைப் பலர் நினைப்பதில்லை. அதேயோதாத்துஸ் என்ற மகன் அவருக்கு இருந்தான். தகப்பன் பல ஆண்டுகள் தவறான வழியில் நடந்ததை அம்மகன் கண்ணாரக் கண்டிருப்பான். 387-இல் மிலான் நகரில், பாஸ்கா இரவில், புனித அம்புரோசின் கையால் தந்தையும் மகனும் ஒன்றாக ஞானஸ்நானம் பெற்றார்கள். மகனுக்கு அப்போது பதினைந்து வயது, என் வயது! பிறகு தந்தையும் மகனும் கேள்வியும் பதிலுமாக உரையாடுவதாக ‘ஆசிரியர்’ என்ற ஒரு நூலையே அகுஸ்தினார் எழுதினார். தாம் தவறியவர் என்பதற்காக மகனிடமிருந்து அவர் ஒதுங்கி நிற்கவில்லை. நாமும் கேட்கிறோம்: எங்களுக்குக் குற்றமில்லாத தந்தை வேண்டாம். எங்களோடு சேர்ந்து திரும்பி வரும் தந்தை போதும். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன் வரிசையில் தந்தை நிற்பதைப் பார்க்கும் பிள்ளை, தன் பாவத்தை மறைக்கமாட்டாது.

இங்கே ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். விசுவாசத்தைக் கையளிப்பது என்றால் பிரம்பைக் கையில் எடுப்பது என்று சிலர் எண்ணுகிறார்கள். ஜெபமாலைக்கு வராத பிள்ளைக்குச் சோறு இல்லை என்று சொல்லும் வீடுகளும் உண்டு. அடிக்குப் பயந்து மண்டியிடும் முழங்கால், அடிப்பவர் கண் மறைந்ததும் எழுந்துவிடும். விசுவாசம் தந்தை கொடுப்பது. ஆனால் அதை வளர்ப்பவர் சர்வேசுரன். சில வேளை அது தந்தை எதிர்பாராத திசையிலும் வளரும்.

1827-இல் புதுச்சேரிக்கு வந்து பெண்கல்வி தந்த குளூனி சபையின் ஸ்தாபகி, முத்திப்பேறு பெற்ற ஆன் மேரி ஜவூகி அம்மையாரின் தந்தை ஓர் உழவர், நல்ல கத்தோலிக்கர். மகள் துறவு வாழ்வை நாடியபோது அவர் முதலில் இணங்கவில்லை. ஆனால் மகளின் உறுதியைக் கண்டு மனம் மாறினார். 1812-இல் குளூனி ஊரிலிருந்த பழைய மடம் ஒன்றை மகளுக்காக வாங்கியவரும் அவரே. சபையின் பெயரில் குளூனி என்ற ஊர் சேர்ந்தது அதனால்தான். மறுத்த கையே பிறகு கொடுத்த கையாயிற்று. நல்ல தந்தைக்கு அதுவே அழகு.

தந்தை இல்லாத தோழியர் இதைப் படித்து மனம் நோகக்கூடாது. நம் வகுப்பிலேயே தந்தையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். தந்தை வளைகுடா நாட்டில் உழைப்பவர்களும், தந்தை வேறு சமயத்தவராக உள்ளவர்களும் இருக்கிறார்கள். திமொத்தேயுவின் தந்தையும் கிரேக்கரே. சூசையப்பர்கூட வளர்ப்புத் தந்தைதானே! அதனால்தான் திருச்சபை நமக்கு ஞானத்தகப்பனைக் கொடுத்தது. ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு நம் ஞானத்தகப்பன் பெயர் தெரியும்? ஞானஸ்நானத்தன்று சங்கிலி போட்டதோடு தம் கடமை முடிந்தது என்று அவர்கள் எண்ணக்கூடாது. திருத்தந்தை ஜான் பாலின் இளமைப் பருவத்தில், அவருக்கும் வேறு பல வாலிபர்களுக்கும் ஞான வாழ்வில் வழிகாட்டியவர் யான் திரனோவ்ஸ்கி என்ற ஒரு தையற்காரர். சித்தப்பாவும் மாமாவும் தாத்தாவும் அப்படி ஒருவராக இருக்கலாம்.

ஆகவே தந்தையரே, நாங்கள் கேட்பவை பெரியவை அல்ல. ஞாயிறன்று மரத்தை விட்டு உள்ளே வாருங்கள். எங்கள் பக்கத்தில் உட்காருங்கள். நன்மை வாங்க முடியாத நாளிலும் உட்காருங்கள்; நாங்கள் உங்களை அளந்து பார்க்கமாட்டோம். ஷிப்டு இல்லாத நாளில் வீட்டு ஜெபமாலையில் ஒரு பத்து மணியாவது உங்கள் குரலில் சொல்லுங்கள். நாங்கள் கேள்வி கேட்டு விடை தெரியாவிட்டால், ‘தெரியவில்லை, சாமியாரைக் கேட்போம் வா’ என்று சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் நெற்றியில் இடும் சிலுவையை நாங்கள் விழித்திருக்கும்போது இடுங்கள்.

தோழியரே, நமக்கும் ஒரு கடமை உண்டு. அப்பா கேட்கமாட்டார், பேசமாட்டார் என்று நாமாகவே முடிவு கட்டிவிடுகிறோம். அம்மாவிடம் சொல்லி அனுப்புகிறோம். நேரே போய்க் கேட்போம். நான் கேட்டேன்.

எப்படிக் கேட்டேன் தெரியுமா? இக்கட்டுரையை எழுதி முடித்ததும் அப்பாவிடம் கொடுத்துவிட்டு அடுக்களைக்கு ஓடிவிட்டேன்! நெடுநேரம் படித்தார். பிறகு கூப்பிட்டார். திட்டுவார் என்று பயந்தேன். “எல்லாம் சரி. ஒண்ணு மட்டும் தப்பா எழுதியிருக்க. அது புங்கமரம் இல்ல, வேப்பமரம்” என்றார். உள்ளே உட்கார்ந்திருக்கும் எனக்கு வெளியே இருக்கும் மரம் எப்படித் தெரியும்? வெளியே நிற்பவருக்கல்லவா தெரியும்! ஆகவே அதைத் திருத்தாமலே அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன்.

அன்று அவருக்கு ஷிப்டு இல்லை. இரவு ஜெபமாலையின்போது வந்து தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்றாம் பத்து மணியை அம்மா தொடங்கப் போனபோது, கையைக் காட்டி நிறுத்திவிட்டுத் தாமே தொடங்கினார். குரல் கொஞ்சம் தடுமாறியது. தம்பி தலையைத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்தாவது மந்திரத்துக்கு அவன் வாயும் அசைந்தது.

வரும் ஞாயிறு அப்பா உள்ளே வருவாரா, தம்பி எழுந்து வருவானா என்று எனக்குத் தெரியாது. எங்கள் பெஞ்சில் இரண்டு பேருக்கு இடம் விட்டே உட்காருவேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி, முத்தாண்டிக்குப்பம்